அரை லிட்டரும் மூன்று லிட்டரும்

2020 மார்ச் 27 வெள்ளிக்கிழமை எங்களை மதுரைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். கடைசிக் கட்டப் பரிசோதனைகள் முடிந்தால் ஏப்ரல் இரண்டாவது வாரத்தில் அறுவை சிகிச்சை. என் அக்காவின் ஒரு சிறுநீரகத்தை எடுத்து எனக்குப் பொருத்துவதாக ஏற்பாடு. மார்ச் 24 இரவு நாடு முழுவதற்கும் ஊரடங்கு என்று தொலைக்காட்சியில் சொன்னபோது, மடித்து வைத்த வேட்டிகளும் பரிசோதனைச் சீட்டுகளும் இருந்த பை கட்டிலுக்கு அடியில் இருந்தது. என் மனைவி அந்தப் பையைப் பிரிக்கவே இல்லை. செப்டம்பர் வரை அப்படியே கிடந்தது.

வாலிநோக்கம் பக்கத்தில் ஒரு உப்பளத்தில் எடை எழுதுகிற வேலை எனக்கு. இருபது வருடமாக அம்பாரம் அம்பாரமாக உப்பைப் பார்த்தவன். முழங்கால் வலி என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையை நான்கைந்து வருடம் தின்றிருக்கிறேன். ரத்தக்கொதிப்பு இருந்தது தெரியாது, ஒருநாளும் பார்த்ததில்லை. 2019 ஜனவரியில் முகம் வீங்கி, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தபோது ராமநாதபுரத்தில் ரத்தம் எடுத்தார்கள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 9.8. ஒன்றை ஒட்டி இருக்க வேண்டிய அளவு அது. கொதிப்பும் வலி மாத்திரையும் சேர்ந்து செய்த வேலையாக இருக்கலாம் என்றார் மருத்துவர். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கொதிப்பையும் கிரியாட்டினினையும் பார்த்துவிடுங்கள் என்று நான் பார்க்கிற எல்லோரிடமும் சொல்கிறேன். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு.

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ். ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம். குழம்பு, ரசம், காபி எல்லாம் அந்தக் கணக்குக்குள் அடக்கம். எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில் அரை லிட்டர் என்றால் என்ன என்று அனுபவித்தவருக்குத்தான் தெரியும். காலையில் என் மனைவி ஒரு பாட்டிலில் அளந்து ஊற்றி வைப்பாள். நான் சில நேரம் ஒரு மடக்கை வாயில் வைத்துக் கொப்பளித்து, விழுங்காமல் துப்பிவிடுவேன். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிப் பெண்கள் தண்ணீர் கொண்டுபோகும்போது, குடத்தின் வாயில் தண்ணீர் தளும்புகிற சத்தம் வீட்டுக்குள் கேட்கும். அப்போது கண்ணை மூடிக்கொள்வேன்.

இளநீர், நுங்கு, பதநீர் மூன்றும் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் மிகவும் கூடினால் இதயம் நின்றுவிடலாம். காய்கறியை நறுக்கி நிறையத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைத்தார்கள். கருவாடு என்ற சொல்லே வீட்டில் நின்றுபோனது. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்துப்பு சிறுநீரகத்துக்கு நல்லது என்று எத்தனை பேர் வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார்கள்! உப்புத் தொழிலில் இருப்பவன் சொல்கிறேன், பாத்தியில் விளைந்தாலும் மலையில் வெட்டினாலும் அது சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பது எங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் ஆபத்து. சோடியத்தைக் குறைக்க அதில் பொட்டாசியம் குளோரைடைக் கலக்கிறார்கள்.

ஊரடங்கின் முதல் வாரத்தில் பஸ் இல்லை. வாடகைக் கார்க்காரர்கள் வரப் பயந்தார்கள். டயாலிசிஸ் ஒரு முறை தவறினாலே மூச்சு முட்டும். உப்பு அத்தியாவசியப் பொருள் என்பதால் எங்கள் லாரிகளுக்கு மட்டும் அனுமதி இருந்தது. முதலாளி சொல்லி, திங்களும் வியாழனும் அதிகாலையில் உப்பு ஏற்றிக்கொண்டு போகும் லாரியில் முன்னால் எனக்கு ஓர் இடம் கொடுத்தார்கள். ஏர்வாடி, கீழக்கரை தாண்டி ராமநாதபுரம். சோதனைச் சாவடியில் ஓட்டுநர் உப்புக்கான சீட்டை நீட்டுவார். நான் சட்டைக் கையை மேலே தள்ளி முழங்கைப் பக்கம் புடைத்திருக்கும் பிஸ்டுலாவை, டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடத்தை, காட்டுவேன். ஒரு காவலர் அதில் விரலை வைத்துப் பார்த்தார். உள்ளே ரத்தம் ஓடுகிற அதிர்வு கையில் பட்டதும் விரலை எடுத்துக்கொண்டு, வாரம் இரண்டு முறையும் இந்த ஆளை நிறுத்தாதீர்கள் என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டார்.

என் பக்கத்துக் கட்டில்காரருக்கு அப்படி ஒரு லாரி கிடைக்கவில்லை. முதுகுளத்தூர்ப் பக்கம். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். ஊசி குத்தும்போது நான் முகத்தைத் திருப்பினால் பேச்சுக் கொடுத்து என் கவனத்தை மாற்றுவார். தொடர்ந்து இரண்டு முறை அவரால் வர முடியவில்லை. மூன்றாவது முறை அந்தக் கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார் செவிலியர். கேதத்துக்கும் நான் போக முடியவில்லை. புயலோ தொற்றோ எதுவாக இருந்தாலும், டயாலிசிஸ் நோயாளி இருக்கிற வீட்டில் வண்டிக்கு இரண்டு வழிகளை முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். வர முடியாது என்று தெரிந்த அந்த நிமிடமே மையத்துக்குத் தொலைபேசியில் சொல்லி, அதுவரை தண்ணீரையும் பழத்தையும் எந்த அளவுக்குக் குறைப்பது என்று கேட்க வேண்டும். இது அவருக்கு யாரும் சொல்லாதது.

அக்கா சாயல்குடியில் வாழ்க்கைப்பட்டவள். மச்சான் பனை ஏறுகிறவர். பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி வார்ப்பது அக்காவின் வேலை. எனக்கு நோய் என்று தெரிந்த மறு வாரமே, "என்னுடையதை எடுத்துக்கொள்ளட்டும்" என்று சொல்லிவிட்டாள். மச்சான் மூன்று மாதம் வாய் திறக்கவில்லை. அவர்மேல் எனக்கு அப்போது வருத்தம் இருந்தது; இன்று இல்லை. பதநீர் கொதிக்கிற சட்டியை இறக்கும் பெண்ணின் உடம்பில் கத்தி வைக்கப் போகிறார்கள், அவளுக்கு என்ன ஆகும் என்று கேட்கிற உரிமை அவருக்கு இருந்தது. மதுரைக்கு வந்து மருத்துவரிடம் நேராகவே கேட்டார். மருத்துவரும் மழுப்பாமல் பதில் சொன்னார்: வாங்குகிறவனைவிடத் தருகிறவருக்குத்தான் கடுமையாகப் பரிசோதனை செய்வோம், ஒன்றில் குறை தெரிந்தாலும் எடுக்க மாட்டோம், மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாது, ஆயுள் முழுக்க வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வர வேண்டும் என்றார். மச்சான் வெளியே வந்து ஒரு பீடியைப் பற்றவைத்து, பாதியில் அணைத்துவிட்டு, கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று கேட்டார்.

1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் எல்லாம் நெருங்கிய உறவு. 2011 திருத்தத்தில் தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகளையும் சேர்த்தார்கள். உடன்பிறந்தவர் என்பதைத் தாளில் காட்டுவதுதான் பெரும்பாடு. அக்காவின் பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஒரு விதமாகவும், ஆதாரில் வேறு விதமாகவும் இருந்தது. அதைத் திருத்தக் கிராம நிர்வாக அலுவலரிடமும் தாலுகா அலுவலகத்திலும் நடந்த நடையைச் சொன்னால் அதுவே ஒரு தனிக் கதை. சிறுநீரகம் தேவைப்படும் என்று மருத்துவர் முதல் தடவை சொல்லும் நாளிலேயே இரண்டு வீட்டின் ஆதார், ரேஷன் அட்டை, பள்ளிச் சான்றிதழ்களை வரிசையாக வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வருமானச் சான்றையும் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டையையும் அப்போதே தயார் செய்துகொள்ளுங்கள்.

ஊரடங்கு நீள நீள, எடுத்த பரிசோதனைகள் ஒவ்வொன்றாகக் காலாவதியாயின. உயிரோடிருப்பவர் தானம் தருகிற அறுவை சிகிச்சைகளைப் பல இடங்களில் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஜூனில் மாவட்டம் தாண்டிப் போவதற்கான இ-பாஸுக்கு இரண்டு முறை விண்ணப்பித்தோம், இரண்டும் நிராகரிப்பு. பிறகு மதுரையிலேயே முழு ஊரடங்கு. ஆகஸ்ட் 17 முதல் ஆதாரும் தொலைபேசி எண்ணும் கொடுத்தாலே பாஸ் கிடைக்கும் என்றானபோது அந்த வாரமே புறப்பட்டோம். அக்காவின் உறுப்பை என் ரத்தம் எதிர்க்குமா என்று பார்க்கும் குறுக்குப் பொருத்தம் முதல் எல்லாவற்றையும் மறுபடி எடுத்தார்கள். அறுவை சிகிச்சைக்குச் சேர்வதற்கு முன் இரண்டு வாரம் நானும் அக்காவும் எங்கள் வீடுகளில் தனித்தனி அறையில் அடைந்து கிடந்தோம். எங்களில் ஒருவருக்குத் தொற்று என்றாலும் இன்னும் பல வாரம் தள்ளிப்போகும். அந்த வருடம் வியாபாரிகள் வராமல் வீட்டில் தேங்கிக் கிடந்த கருப்பட்டியை அக்கா விற்கக்கூடப் போகவில்லை.

செப்டம்பர் கடைசியில் அறுவை சிகிச்சை நடந்தது. பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். புதியதைப் பெரும்பாலும் அடிவயிற்றின் வலப்பக்கம் வைத்துத் தைப்பார்கள். மயக்கம் தெளிந்து நான் முதலில் பார்த்தது கட்டிலின் ஓரத்தில் தொங்கிய பையை. ஒன்றரை வருடமாக ஒரு நாளைக்கு ஒரு தம்ளர்கூடச் சிறுநீர் போகாத உடம்பு. அந்தப் பை மணிக்கு மணி நிறைந்தது, செவிலியர் அளந்து எழுதிக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் ஒரு லிட்டர் பாட்டிலை மேசையில் வைத்து, "இன்றைக்கு மூன்று பாட்டில் குடிக்க வேண்டும்" என்றார். நான் அவரைப் பார்த்தேன். நிஜமாகத்தான் சொல்கிறார் என்று புரிய நேரமாயிற்று. முதல் தம்ளரைத் தூக்கியபோது, பழக்கத்தில் வாயில் வைத்துக் கொப்பளித்தேன். பிறகு விழுங்கினேன்.

அக்கா இரண்டு தளம் கீழே இருந்தாள். தொற்றுக் காலம் என்பதால் ஒரு நோயாளிக்கு ஒரே ஒரு துணை, வார்டு விட்டு வார்டு போகக் கூடாது. ஐந்தாம் நாள் அவள் வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். ஒரு கை வயிற்றைப் பிடித்திருந்தது. மற்றக் கையால் தண்ணீர் குடிப்பது போலக் காட்டி, குடிக்கிறாயா என்று கேட்டாள்.

மருத்துவமனைக்குப் பக்கத்தில் வாடகை அறை எடுத்து மூன்று மாதம் தங்கினோம். வாரம் இரண்டு முறை ரத்தப் பரிசோதனை. டிசம்பர் முதல் வாரத்தில் புரெவி புயல் பாம்பன் பக்கமாக வந்து வலுவிழந்து அங்கேயே நின்று மழையைக் கொட்டியபோது, பிள்ளைகள் என் அம்மாவுடன் வாலிநோக்கத்தில் இருந்தார்கள். இரண்டு நாள் தொலைபேசி கிடைக்கவில்லை. என் கொதிப்பு அந்த இரண்டு நாளில் 160-ஐத் தொட்டது நோட்டில் இருக்கிறது.

அந்த நோட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், என்னைக் காப்பாற்றியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. எடை, கொதிப்பு, உடல் வெப்பம், குடித்த தண்ணீர், போன சிறுநீர், மாத்திரை போட்ட நேரம் என்று ஆறு கட்டம். உப்பு எடை எழுதிய அதே மாதிரி. புதிய சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்கிவிடாமல் தடுக்கிற டாக்ரோலிமஸ் மாத்திரையால் கை நடுங்கும். முதல் மாதத்தில் நான் எழுதிய 8 எது, 3 எது என்று எனக்கே தெரியவில்லை. என் மகள்தான் தொலைபேசியில் கேட்டு அவளுடைய நோட்டில் ஒரு படி எழுதி வைத்தாள். எடை ஒரே நாளில் ஒரு கிலோ ஏறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கால் வீங்கினாலோ, 100 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தாலோ, வைத்த இடத்தில் வலித்தாலோ உடனே தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்கு இட்ட கட்டளை. நோட்டு இருந்தால்தான் குறைந்ததா கூடியதா என்று தெரியும்.

டாக்ரோலிமஸ் காலை எட்டு, இரவு எட்டு. அரை மணி நேரம்கூடத் தள்ளக் கூடாது என்று நான் வைத்துக்கொண்டேன். ரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கிற நாளில் காலை மாத்திரையைப் போடுவதற்கு முன்னால் ரத்தம் கொடுக்க வேண்டும். ஊருக்குத் திரும்பிய பிறகு முதல் தடவை நான் வழக்கம்போல எட்டு மணிக்கு பஸ்ஸிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். மூன்று மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து மதுரைக்குப் போய், ரத்தம் கொடுக்காமல் திரும்பினேன். அதிலிருந்து அந்த மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய், ரத்தம் கொடுத்த கையோடு விழுங்குகிறேன். ஒருமுறை மருந்துக்கடையில் அந்த நிறுவன மாத்திரை இல்லை, அதே மருந்து வேறு நிறுவனத்துடையது இருக்கிறது என்று நீட்டினார்கள். வாங்கவில்லை. நிறுவனம் மாறினால் ரத்தத்தில் சேரும் அளவும் மாறலாம், மருத்துவர் சொல்லி, அளவைப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். அதற்காகவே ஒரு மாதத்துக்கான மாத்திரையைக் கூடுதலாகக் கையிருப்பில் வைத்திருக்கிறேன்.

ஊருக்கு வந்ததும் வேறு ஒரு சங்கடம். எங்கும் கபசுரக் குடிநீர் கொடுத்துக்கொண்டிருந்த காலம். எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட வேண்டும் என்று ஊரே பேசியது. பெரியம்மா ஒருவர் தினமும் காய்ச்சித் தூக்கில் கொண்டுவந்தார். எனக்கோ எதிர்ப்புச் சக்தியைக் குறைப்பதற்குத்தான் மூன்று மாத்திரை. அது கூடினால் அக்காவின் சிறுநீரகத்தை அந்நியம் என்று என் உடம்பே தாக்கும். மூலிகைகள் மாத்திரையின் அளவை ஏற்றவோ இறக்கவோ செய்யலாம் என்பதால் கேட்காமல் எதையும் குடிக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பம்பளிமாஸ் பழம்கூட ஆகாது. பெரியம்மாவிடம் இதை விளக்க எனக்கு வார்த்தை வரவில்லை. என் மனைவிதான், "வீட்டுக்குள் வந்த விருந்தாளியை நம் நாய் கடித்துவிடாமல் கட்டிப்போட்டிருக்கிறோம் பெரியம்மா, அவிழ்த்துவிடச் சொல்லாதீர்கள்" என்றாள். மறுநாளிலிருந்து அந்தத் தூக்கில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் வந்தது. கடற்கரை மணலில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு ஊற்றிய நல்ல தண்ணீர். எனக்கு மூன்று லிட்டர் வேண்டும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

2021 மார்ச் முதல் 45 வயதைத் தாண்டிய இணைநோயாளிகளுக்குத் தடுப்பூசி என்று அறிவித்தார்கள். உறுப்பு மாற்றிக்கொண்டவர்கள் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். மருத்துவரின் சான்றோடு போய் முதல் ஊசி போட்டேன். எங்களைப் போன்றவர்கள் உடம்பில் ஊசி அவ்வளவாகப் பிடிக்காது, வீட்டில் இருக்கிறவர்கள் எல்லோரும் போட்டால்தான் உனக்குப் பாதுகாப்பு என்றார் அவர். கோவிஷீல்டு தடுப்பூசியின் இரண்டாம் ஊசிக்கான இடைவெளியை மே மாதத்தில் 12 முதல் 16 வாரமாக மாற்றினார்கள். அந்த இடைவெளியில் எனக்குக் காய்ச்சல் வந்தது. இரவு பதினொரு மணிக்கு மருத்துவமனை ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டேன். நானாக எந்த மாத்திரையையும் நிறுத்தவில்லை. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிற மூன்றில் ஒன்றான மைக்கோபீனோலேட்டை நிறுத்தச் சொன்னதும் அவர்கள், பிறகு மறுபடி தொடங்கச் சொன்னதும் அவர்கள். பதினோரு நாள் மருத்துவமனையில் இருந்தேன், மூன்று நாள் ஆக்சிஜன். 1.3 ஆக இருந்த கிரியாட்டினின் 2.1 வரை ஏறி 1.5-க்கு இறங்கியது. அந்த 0.2 திரும்பவில்லை. காய்ச்சல் தொடங்கிய இரவே கூப்பிட்டதால்தான் இந்த அளவோடு போயிற்று என்றார் மருத்துவர்.

என் கணக்கைத்தான் இவ்வளவு நேரமும் எழுதியிருக்கிறேன். அக்காவின் கணக்கை யாரும் எழுதவில்லை என்பதுதான் என் மனதை அறுப்பது. 2021 செப்டம்பரில் அவளுடைய முதல் ஆண்டுப் பரிசோதனை. தொற்றுப் பயத்திலும் பனை வேலையிலும் போகவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை. வந்தவர்கள் போனவர்கள் எல்லோரும் என் உடம்பைப் பற்றியே விசாரித்தார்கள், அவள் உட்பட. 2022 ஜனவரியில் வற்புறுத்தி அழைத்துப்போனபோது கொதிப்பு 150-க்கு மேல் இருந்தது. ஒரு சிறுநீரகத்தோடு இருப்பவருக்குக் கொதிப்பை விட்டுவைக்கக் கூடாது. அன்றே மாத்திரை தொடங்கினார்கள். சிறுநீரில் புரதம் இல்லை, கிரியாட்டினின் சரியாக இருந்தது. தானம் வாங்கியவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்: உங்கள் பரிசோதனைத் தேதிக்குப் பக்கத்திலேயே அவர்களுடைய தேதியையும் எழுதி வையுங்கள். கொதிப்பு, கிரியாட்டினின், சிறுநீரில் புரதம், மூன்றையும் பாருங்கள். வலி மாத்திரை வேண்டாம் என்று அவர்களுக்கும் சொல்லுங்கள். பஸ் செலவை நீங்கள் கொடுங்கள். இப்போது அக்காவுக்கும் ஒரு நோட்டு இருக்கிறது, மச்சான் எழுதுகிறார்.

போன தை மாதம் பரிசோதனை முடிந்து ராமநாதபுரம் பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்தோம். நல்ல வெயில். "இன்றைக்கு எவ்வளவு குடித்தாய்?" என்று வழக்கம்போல அக்கா கேட்டாள். இரண்டாவது பாட்டிலில் பாதி என்று காட்டினேன். நீ எவ்வளவு குடித்தாய் அக்கா என்று கேட்டபோதுதான் தெரிந்தது, காலையில் வீட்டில் குடித்த காபியோடு சரி. பஸ்ஸில் போகிற நாட்களில் தண்ணீரே குடிப்பதில்லையாம், நடுவழியில் எங்கே இறங்குவது என்று. சாயல்குடி பஸ்ஸுக்கு இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. கட்டணக் கழிப்பறை எந்தப் பக்கம், சுத்தமாக இருக்கிறதா என்று பூக்கார அம்மாளிடம் விசாரித்துவிட்டு வந்து, புதிய பாட்டில் ஒன்றின் மூடியைத் திறந்து அக்கா கையில் கொடுத்தேன்.